நாடகவியல் ஆசிரியரும் டிஜிட்டல் கலைஞரும் ஒருவராகவே இருக்க முடியுமா?

நாடகவியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருக்கிறீர்கள். கற்பித்தலையும், கேமரா, சென்சார், கணினி நிரல் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் சோதனைக் கலையையும் ஒரே வாழ்க்கைப்பணியாகக் கொண்டுசெல்ல முடியுமா, நிரலெழுதத் தெரியாதவர் இதில் இறங்கலாமா, முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுரைகளை முன்வைப்பதா படைப்புகளை முன்வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு, முடியும் என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வகுப்பறையில் எந்தக் கேள்வியை எழுப்புகிறீர்களோ, அதையேதான் மேடையிலும் எழுத்திலும் எழுப்ப வேண்டும். வாரநாட்களில் அரிஸ்டாட்டிலையும் பிரெக்டையும் நடத்திவிட்டு, விடுமுறையில் மட்டும் அவற்றோடு தொடர்பில்லாத ஒளிக்காட்சிகளைச் செய்பவர் இரண்டு வேலை பார்ப்பவராகவே இருப்பார். பணிச்சுமை கூடும் ஆண்டில், எது சம்பளம் தரவில்லையோ அது கைவிடப்படும்.

இந்த வழியில் முன்னே சென்றவர்களில் பிரெண்டா லாரலை முதலில் சொல்ல வேண்டும். அவர் 1986-இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அதற்கு முன்பே அட்டாரி என்ற வீடியோ விளையாட்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். பயனர் ஒருவர் பாத்திரமாகவே உள்ளே நுழைந்து பங்கேற்கும் கற்பனை உலகை எப்படி அமைப்பது என்பதே அவருடைய ஆய்வேட்டின் பொருள். 1991-இல் வெளியான 'கம்ப்யூட்டர்ஸ் ஆஸ் தியேட்டர்' என்ற நூலில், கதையமைப்பு, பாத்திரம், கருத்து, மொழி, இசை, காட்சி என்று அரிஸ்டாட்டில் வகுத்த ஆறு கூறுகளையும் கணினித் திரைக்கு முன்னால் ஒரு மனிதர் செய்யும் செயலோடு பொருத்திக் காட்டினார். பின்னர் ரேச்சல் ஸ்டிரிக்லண்டோடு சேர்ந்து கனடாவின் பான்ஃப் மையத்தில் உருவாக்கிய மெய்நிகர் படைப்பில், பங்கேற்பவர்கள் காகம், பாம்பு, மீன், சிலந்தி ஆகியவற்றின் உடல்களுக்குள் புகுந்துகொண்டார்கள். காகமானவர் கைகளைச் சிறகுபோல் அடித்தால் பறக்கலாம். வேறோர் உடலை ஏற்பது என்பது நடிப்புப் பயிற்சியின் மிகப் பழைய பாடம். லாரல் அதை விட்டுவிட்டுத் தொழில்நுட்பத்திற்குத் தாவவில்லை. அதையே தலையில் அணியும் திரைக்குள் கொண்டுபோனார். பிற்காலத்தில் கலிஃபோர்னியாவின் கலைக்கல்லூரிகளில் வடிவமைப்புத் துறைகளுக்குத் தலைமை வகித்தபோதும் அவர் நடத்திய பாடங்களுக்கு வேர் அங்கேதான் இருந்தது.

மேடையும் இயந்திரமும் சேர்வதைப் புதுமை என்று எண்ணிக்கொண்டு தொடங்காதீர்கள். தேர்வாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 1920-களிலேயே ஜெர்மன் நாடக இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் பெர்லின் மேடைகளில் திரைப்படத் துண்டுகளை ஓடவிட்டார். 1958-ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், யோசெஃப் ஸ்வோபோடாவின் மேடையமைப்போடு, திரையில் தெரியும் உருவங்களுக்கும் மேடையில் ஆடும் உடல்களுக்கும் இடையே நடந்த உரையாடலைப் பார்வையாளர்கள் கண்டார்கள். 1966 அக்டோபரில் நியூயார்க்கின் படைக்கலக் கூடம் ஒன்றில், பத்துக் கலைஞர்களும் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். பில்லி க்ளூவர் என்ற பொறியாளர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். அந்த இரவுகளில் கருவிகள் பல வேலை செய்யவில்லை என்பதும் வரலாற்றின் பகுதிதான். இந்த முன்வரலாற்றை ஒரு பருவப் பாடமாக நடத்தும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. கணினித் துறையிலிருந்து இப்பக்கம் வருபவர்களுக்குப் பெரும்பாலும் இல்லாத தகுதி அது.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமாக நான் கருதுவது பல்கலைக்கழக நாடகத்துறைகளுக்குள்ளேயே நடந்த இரண்டு தயாரிப்புகள். முதலாவது, கான்சஸ் பல்கலைக்கழகத்தில் மேடை வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த மார்க் ரீனி 1995-இல் செய்தது. எல்மர் ரைஸ் 1923-இல் எழுதிய நாடகம் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டுகள் கணக்கெழுதிய குமாஸ்தா ஒருவனை வேலையை விட்டு நீக்கிவிட்டு அவன் இடத்தில் கூட்டல் இயந்திரத்தை வைக்கிறார்கள் என்பது கதை. பார்வையாளர்கள் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து பார்த்தார்கள். நடிகர்களுக்குப் பின்னால் கணினி உருவாக்கிய உலகம் விரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பின்னணி முன்பே பதிவுசெய்து ஓடவிட்ட படமல்ல என்பதுதான். மறைவிலிருந்த ஒருவர் நடிகரின் வேகத்தைப் பார்த்துப் பார்த்து அந்த உலகை அங்கேயே நகர்த்திக்கொண்டிருந்தார். நடிகர் ஒரு வசனத்தில் சற்று நின்றால் காட்சியும் நிற்க முடிந்தது. அப்படியானால் கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தவரும் ஒரு நடிகரே அல்லவா? அவருக்கும் ஒத்திகை வேண்டும், செவி வேண்டும், எதிரில் இருப்பவரின் மூச்சை அறியும் திறன் வேண்டும்.

இரண்டாவது, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டேவிட் சால்ட்ஸ் 2000-ஆம் ஆண்டில் இயக்கிய ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்'. மந்திரவாதி புராஸ்பரோவின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு விடுதலைக்காகக் காத்திருக்கும் ஏரியல் என்ற ஆவியை, அசைவுப் பதிவுக் கருவிகள் அணிந்த நடிகை ஒருவர் ஏற்றார். அவருடைய ஒவ்வோர் அசைவும் அந்தக் கணமே திரையில் ஓர் உயிரோவிய உருவமாக மாறியது. சால்ட்ஸ் அந்த நடிகையைத் திரைக்குப் பின்னால் மறைக்கவில்லை. மேடையிலேயே, பார்வையாளர் கண்முன், ஒரு கூண்டுக்குள் நிறுத்தினார். திரையில் பறந்து திரியும் ஏரியலையும், கம்பிகளுக்குள் உடல் வருத்தி அந்தப் பறத்தலை உண்டாக்கும் பெண்ணையும் ஒரே பார்வையில் காணும்போது, அடிமைப்பட்ட ஆவி என்ற நாடகக் கருத்தும் கருவிக்குள் கட்டுண்ட உடல் என்ற தொழில்நுட்ப உண்மையும் ஒன்றாகிவிடுகின்றன. கருவி ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பிரதியே பதில் சொல்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இன்டெல் நிறுவனத்தின் துணையோடு அதே ஏரியலை அசைவுப் பதிவின் வழியே மேடையேற்றியது. அதற்கான முன்னோட்டம் மாணவர்களைக் கொண்ட ஒரு பல்கலைக்கழக மேடையில் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. பெரிய அரங்கு நிறுவனங்கள் எடுக்கத் தயங்கும் துணிவைத் துறை மேடையால் எடுக்க முடியும், ஏனெனில் அங்கே நுழைவுச்சீட்டு விற்பனையை நம்பி யாருடைய பிழைப்பும் இல்லை. கற்பித்தல் பணி சோதனைக் கலைஞருக்குத் தரும் பெரிய ஆதாயமாக நான் கருதுவது இதைத்தான்.

இந்த இரு தயாரிப்புகளுக்கும் அடியில் ஓடும் கோட்பாட்டு விவாதத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நிகழ்த்துகை நிகழ்காலத்தில் மட்டுமே உயிர்வாழ்கிறது, பதிவுசெய்த கணமே அது வேறொன்றாகிவிடுகிறது என்று 1993-இல் நிகழ்த்துகை ஆய்வாளர் பெக்கி ஃபெலன் எழுதினார். பதிவு என்ற ஒன்று வந்த பிறகுதானே 'நேரடி' என்ற எண்ணமே தோன்றியது என்று 1999-இல் அதே துறையின் ஃபிலிப் ஆஸ்லாண்டர் திருப்பிக் கேட்டார். இந்த விவாதத்தை வாசிப்பின் வழியாக மட்டும் நடத்தினால், மாணவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு தேர்வில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதை உடலால் அறியச்செய்ய ஒரு சாதாரண வெப்கேமும் ஒரு புரொஜெக்டரும் போதும். கேமராவில் தெரிவதை இரண்டு விநாடி தாமதித்துப் பின்சுவரில் காட்டும்படி மென்பொருளில் அமைத்துவிட்டு, ஒரு மாணவரை நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, எழுந்து போகச் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம். அவர் எழுந்து போன பிறகும் சுவரில் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கண்கள், உயிரோடு இருக்கும் உடலை விட்டுவிட்டு, பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருக்கும் சுவருக்கே போகும்.

அடுத்து, அந்தப் பார்வையை உடலுக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். சத்தமாகப் பேசுவது, பெரிதாக அசைவது என்று மாணவர்கள் முதலில் முயல்வதெல்லாம் பொதுவாகத் தோற்கும். நடிகர் தாமே திரும்பித் தம் பிம்பத்தைப் பார்த்தால் பார்வையாளரும் பிம்பத்தைத்தான் பார்ப்பார்கள். மாறாக, பிம்பத்தில் இல்லாத ஒன்றை, எடுத்துக்காட்டாகக் கேமராவின் எல்லைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்குக் கையை நீட்டுவதை, அவர் செய்தால் கண்கள் உடலுக்குத் திரும்பும். திரை எதைத் தவறவிடுகிறதோ அங்கேதான் உடலின் அதிகாரம் தொடங்குகிறது என்பதை ஒரு மணி நேரத்தில் வகுப்பு கண்டுகொள்கிறது. அதன்பின் ஆஸ்லாண்டரைப் படித்தால் அந்தப் பக்கங்கள் வேறுவிதமாக வாசிக்கப்படும். இந்தப் பயிற்சியை வெவ்வேறு தாமதங்களோடு செய்து, நிகழ்ந்ததை ஒழுங்காகக் குறித்துவைத்தால், அதிலிருந்தே உங்கள் அடுத்த மேடைப்படைப்பும் கட்டுரையும் முளைக்கும். வகுப்பும் கலையும் எழுத்தும் ஒரே கேள்வியில் சேர வேண்டும் என்று நான் மேலே சொன்னது இவ்வளவு எளிய அளவிலேயே தொடங்கிவிடுகிறது.

நிரலெழுதுவது பற்றிய உங்கள் அச்சம் அளவுக்கு மீறியது என்றே சொல்வேன். மேடைக்கான மென்பொருள்களில் பல, கட்டங்களைக் கோடுகளால் இணைத்தே வேலை செய்ய விடுகின்றன. இசடோரா என்ற மென்பொருளை மார்க் கோனிக்லியோ தம் ட்ரொய்கா ராஞ்ச் நடனக் குழுவின் தேவைக்காகவே உருவாக்கினார். அதனால் ஒத்திகையில் இயக்குநர் மனம் மாறிக்கொண்டே இருப்பார் என்ற உண்மை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பாரிஸின் இர்காம் என்ற இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் தொடங்கிய மேக்ஸ் என்ற மென்பொருளும், அவரே பின்னர் இலவசமாக வெளியிட்ட பியூர் டேட்டாவும் ஒலிப்பக்கத்திலிருந்து வந்தவை. இவற்றில் ஏதாவது ஒன்றை, உங்கள் சொந்தச் சிறு படைப்பைப் பிறர் உதவியின்றி இயக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குமேல் பொறியாளரோடு சேர்ந்து செய்யலாம். ஆனால் எதுவுமே தெரியாமல் பொறியாளரிடம் போவதும் தவறு. எது எளிது, எது கடினம் என்ற உணர்வு இல்லாதவர், அரை நாளில் முடியும் வேலையைக் கேட்கவே தயங்குவார். ஆறு மாதம் பிடிப்பதை அடுத்த வாரத்திற்குள் கேட்பார்.

பணமும் ஆய்வுக்கூடமும் இல்லாத இடத்தில் இதைச் செய்ய முடியாது என்ற எண்ணமும் சரியல்ல. 1997-இல் அட்ரியன் ஜெனிக்கும் லிசா பிரெனிஸும் 'தி பேலஸ்' என்ற இணைய அரட்டை மென்பொருளுக்குள் வராத ஒருவருக்காக இருவர் காத்திருக்கும் பெக்கெட்டின் கோடோ நாடகத்தை நிகழ்த்தினார்கள். அங்கே அரட்டைக்கு வந்திருந்தவர்களுக்கு நாடகம் நடப்பதே தெரியாது. அவர்கள் குறுக்கே பேசினார்கள், கேள்வி கேட்டார்கள், தாங்களும் காத்திருந்தார்கள். ஜெனிக் பல்கலைக்கழக ஆசிரியர். அந்த நிகழ்ச்சியைப் பற்றி அவர் ஆய்விதழிலும் எழுதினார். நியூசிலாந்தைச் சேர்ந்த ஹெலன் வார்லி ஜேமீசனும் தோழர்களும் 2004-இல் வெளியிட்ட அப்ஸ்டேஜ், ஒரு பிரவுசர் மட்டுமே இருந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் சேர்ந்து நடிக்கலாம் என்ற திறந்த மூல மேடை. விலையுயர்ந்த கருவியைவிட நாடகவியலாளரின் கேள்வி கூர்மையாக இருந்த இடங்கள் இவை.

இனி வருவது இந்தப் பாதையின் கடினமான பகுதி. படைப்பை ஆய்வாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. பிரிட்டனில் பயிற்சிவழி ஆய்வு, அதாவது படைப்பதையே ஆய்வு வழியாகக் கொள்ளும் முறை, வேரூன்றியிருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் 2006 வரை அதற்கெனத் தனித் திட்டமே நடந்தது. அங்கே நடக்கும் தேசிய ஆய்வு மதிப்பீட்டில் ஒரு நிகழ்ச்சியையே ஆய்வு வெளியீடாகச் சமர்ப்பிக்கலாம், ஆனால் அதன் ஆய்வுக் கேள்வியையும் கண்டறிவையும் 300 சொற்களுக்குள் விளக்க வேண்டும். அமெரிக்காவில் படைப்பாளிகளுக்கு எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுநிலைப் பட்டம், ஆய்வாளர்களுக்குப் பிஎச்.டி. என்று பட்டங்களே பிரிந்து நிற்பதால், இரண்டுக்கும் நடுவில் நிற்பவரை எந்த அளவுகோலால் அளப்பது என்று ஆசிரியர்களின் பணியை நிரந்தரமாக்கும் குழுக்கள் தடுமாறுவது உண்டு. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த 300 சொல் பயிற்சியை ஒவ்வொரு படைப்புக்கும் செய்துபாருங்கள் என்பது என் வற்புறுத்தல். 'மேடைக்கும் திரைக்கும் இடையிலான எல்லைகளை ஆராய்கிறது' என்ற வகையில் ஒரு வாக்கியம் வந்து விழுந்தால், அந்தப் படைப்பில் இன்னும் கேள்வி பிறக்கவில்லை என்று பொருள். சால்ட்ஸின் கூண்டு அப்படிப்பட்ட வாக்கியத்தைத் தராது.

படைப்பு அழிந்துபோகும் வேகமும் இந்தத் துறையில் அதிகம். மைக்ரோசாஃப்டின் கினெக்ட் 2010-இல் விற்பனைக்கு வந்தபோது, உடலசைவை அறியும் மலிவான கருவி கிடைத்ததென்று அரங்கக் கலைஞர்கள் அதைச் சுற்றியே படைப்புகளைக் கட்டினார்கள்; 2017-இல் அதன் உற்பத்தி நின்றது. ஃபிளாஷ் என்ற இணைய அசைபட மென்பொருளில் செய்த படைப்புகள் 2020 டிசம்பர் 31-க்குப் பின் ஆதரவற்றுப் போயின. 1994-இல் ஸ்டீவ் டிக்சன் தொடங்கிய கமீலியன்ஸ் குழு தன் சோதனைகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் சிடி-ராம் வட்டுகளில் வெளியிட்டது. அன்றைக்கு அது மிகச் சரியான முடிவு. இன்றைக்கு அவற்றைத் திறந்து பார்க்கும் கணினியைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த அனுபவத்தையும் உட்கொண்டு 2007-இல் அவர் வெளியிட்ட, எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் டிஜிட்டல் நிகழ்த்துகை வரலாற்று நூல் இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. சால்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த அவர் பிற்காலத்தில் சிங்கப்பூரின் லசால் கலைக்கல்லூரிக்குத் தலைவரானார்.

ஆகவே ஆவணப்படுத்தலை நிகழ்ச்சி முடிந்த பிறகு செய்யும் துப்புரவு வேலையாக வைக்காதீர்கள். நிகழ்ச்சியை முழுமையாகக் காட்டும், வெட்டாத, நிலையான ஒரு கேமராப் பதிவு கட்டாயம் வேண்டும். அழகாக வெட்டி ஒட்டிய இரண்டு நிமிட முன்னோட்டத்தை வைத்து எந்த ஆய்வாளரும் எதையும் சொல்லிவிட முடியாது. பார்வையாளர் பக்கத்தையும் ஒரு கேமரா பார்க்கட்டும். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, கம்பி எங்கிருந்து எங்கே போனது என்ற குறிப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வையுங்கள். இருபது ஆண்டு கழித்துத் திறக்கும் என்று ஓரளவு நம்பக்கூடியது அதுதான். நடிகர்களோடும் கருவி இயக்கியவரோடும் நிகழ்ச்சி முடிந்த அதே வாரத்தில் பேசிப் பதிவுசெய்யுங்கள். ஒரு மாதம் கடந்தால், எல்லோரும் திட்டமிட்டபடியே நடந்ததாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாணவர்களைக் கொண்டு செய்யும் படைப்பில் ஆசிரியரின் பெயர் எங்கே முடிகிறது, மாணவரின் பெயர் எங்கே தொடங்குகிறது என்பது இத்துறையில் அடிக்கடி கசப்பை உண்டாக்குகிறது. மதிப்பெண் தரும் கையும் படைப்புக்கு உரிமை கோரும் கையும் ஒன்றாக இருக்கும்போது, மாணவரால் மறுப்புச் சொல்ல முடிவதில்லை. ஓர் அசைவுப் பதிவுத் தொகுப்பு ஒரு மாணவியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்றால், அவர் பட்டம் பெற்றுப் போன பிறகும் அதை உங்கள் அடுத்த படைப்பில் பயன்படுத்தலாமா என்பதை எடுப்பதற்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். பருவத் தேர்வுக்கு உட்பட்ட பாடமாக ஒன்றையும், விருப்பமும் ஊதியமும் சார்ந்த தயாரிப்பாக இன்னொன்றையும் பிரித்துவைப்பதே நான் அறிந்தவரை நேர்மையான ஏற்பாடு.

கடைசியாக விண்ணப்பம். நாடகத்துறை வேலை அறிவிப்பில் வரலாறு, கோட்பாடு, நாடக இலக்கியம் என்றிருந்தால், கட்டுரைகளை முன்னே வைத்து, அவற்றின் வாதத்தை நீங்கள் மேடையில் சோதித்துப் பார்த்த இடமாகப் படைப்புகளைக் குறிப்பிடுங்கள். ஊடகக்கலை, வடிவமைப்பு என்றிருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு சூழலிலும் மூன்று படைப்புகளுக்கு மேல் அனுப்ப வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முழுப்பதிவின் இணைப்பு, தேர்வாளர் நேரே போய்ப் பார்க்க வேண்டிய நிமிடம், அந்த நிமிடத்தில் என்ன கவனிக்க வேண்டும் என்ற இரண்டு வரி ஆகியவை இருக்கட்டும். அவற்றோடு, இரண்டு விநாடி தாமதப் பயிற்சியைப் போன்ற ஒன்றை மையமாகக் கொண்ட பாடத்திட்டம் ஒன்றையும் இணையுங்கள். நேர்காணலில், கருவிகள் பழுதானால் அந்த வகுப்பை எப்படி நடத்துவீர்கள் என்று நிச்சயம் எவராவது கேட்பார். கருவியே இல்லாமல், ஒருவர் செய்வதை இன்னொருவர் இரண்டு விநாடி கழித்துச் செய்துகாட்டும்படி அதே பயிற்சியை நடத்தும் வழியை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.